தோட்டப்புறப் பதிவுகளில் எத்தனை ஜார்ஜ்? ஆளையும் ஊரையும் பொருளையும் பிரித்தறிய ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்ப்பள்ளி நூற்றாண்டு மலர், தேவாலயப் பொன்விழா மலர், குடும்ப வரலாறு என எதைத் தொகுக்க உட்கார்ந்தாலும் ஆளை முதலில் மடக்குவது பெயர்தான். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள தெலுக் இந்தான், ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ பக்கத்துத் தோட்டங்களின் பழைய தாள்களை எடுத்துக்கொள்ளுங்கள். செக்ரோலில் (தோட்டத்தின் வேலை வருகைப் பதிவேட்டில்) ஒரு ஜார்ஜ், டிரெஸ்ஸர் (தோட்ட ஆஸ்பத்திரி மருத்துவ உதவியாளர்) வேலையில் ஒரு ஜார்ஜ், கல்லறையில் ஒரு ஜார்ஜ், கப்பல் காகிதத்தில் அச்சடித்த ஒரு ஜார்ஜ். நான்கும் ஒருவரா, நால்வரா, அதில் ஒன்று மனிதரே இல்லையா என்று தெரியாமல் எழுதினால் மலர் அச்சானதும் நாலு வீட்டில் சண்டை வரும்.

ஜார்ஜ் கிரேக்க வேரில் வந்த பெயர். கியோர்கோஸ் என்றால் நிலத்தில் உழைப்பவர், உழவர். ஏறக்குறைய கி.பி. 303இல் ரோமப் பேரரசர் தியோக்ளேசியன் காலத்தில் கொல்லப்பட்ட புனிதர் ஒருவரின் பெயராக அது உலகம் முழுக்கப் பரவியது. பிறகு பிரிட்டிஷ் அரசர்கள் ஆறு பேர் அதைச் சுமந்தார்கள். தேவாலயம் ஒரு பக்கமும் அரண்மனை மறுபக்கமும் பரப்பியதால்தான் இந்தப் பெயர் ஆளிலும் ஊரிலும் கோட்டையிலும் காசிலும் சேலையிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவற்றுக்கிடையே வேறு உறவு எதுவும் கிடையாது. கீழே சொல்லும் முறை பீட்டர், ஸ்டீபன், பிலிப், அலெக்சாண்டர், கேத்தரின், மார்கரெட் எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஒரு பெயரை எடுத்து முழுதாகச் செய்து காட்டினால்தான் முறை பிடிபடும் என்பதால் ஜார்ஜை எடுத்துக்கொள்கிறோம்.

முதல் வேலை: பெயரின் உருவங்களைத் திரட்டுவது

தாள்களைத் தொடுவதற்கு முன் ஒரு முழுப்பக்கத்தை ஒதுக்கி, இந்தப் பெயர் எந்தெந்த வேடத்தில் வரும் என்று எழுதி வையுங்கள். இதைச் செய்யாமல் தேடுகிறவர்கள் பாதி ஆட்களைத் தவறவிடுகிறார்கள்.

தமிழில் ஜார்ஜ், ஜோர்ஜ், ஜியார்ஜ், ஜார்ஜு, தனித்தமிழ்ப் பற்றுள்ள ஆசிரியர் எழுதிய பள்ளிப் பதிவேடாக இருந்தால் சார்சு. பழைய கிராணிகள் (தோட்ட எழுத்தர்கள்) ஆங்கிலத்தில் முழுப் பெயரையும் எழுத மாட்டார்கள். ஜி, இ, ஓ என்ற மூன்றெழுத்தும் ஒரு புள்ளியும் போட்டுவிட்டுப் போவார்கள். அது ஜார்ஜின் சுருக்கம் என்று தெரியாதவர்கள் அதை 'ஜியோ' என்ற தனி ஆளாகப் பதிந்துவிடுகிறார்கள். பெயர் சொன்னவர் ஒரு மாதிரி உச்சரிக்க, எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதிய அடையாள அட்டைகளும் உண்டு. ஆகவே எழுத்துக்கூட்டல் வேறு என்பதற்காக ஆள் வேறு என்று முடிவு கட்டாதீர்கள்.

அடுத்து மலையாளிகள். ரப்பர், தென்னைத் தோட்டங்களின் அலுவலகத்திலும் ஆஸ்பத்திரியிலும் மலையாளிகள் நிறையப் பேர் வேலை செய்தார்கள். அவர்களில் சிரியன் கிறிஸ்தவர்களிடம் இதே பெயர் சிரியாக் மொழி வழியாக வந்து கீவர்கீஸ், வர்கீஸ், வர்க்கி, வறீது என்று நிற்கும். வீட்டில் ஜார்ஜ்குட்டி என்று கூப்பிடப்பட்டவர் சம்பளப் பட்டியலில் வர்கீஸாக இருக்கலாம். இன்னொரு சிக்கல்: அவர்களிடம் மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனார் பெயரை வைப்பது வழக்கம். அதனால் ஜார்ஜ் தாமஸ், தாமஸ் ஜார்ஜ், மறுபடியும் ஜார்ஜ் தாமஸ் என்று ஒரே குடும்பத்தில் பெயர்கள் சுழலும். முதல் ஆளுக்கும் மூன்றாவது ஆளுக்கும் ஐம்பது வருட இடைவெளி இருந்தும் பெயர் எழுத்துப் பிசகாமல் ஒன்றே.

கத்தோலிக்கப் பதிவேடு என்றால் லத்தீன். பிரெஞ்சு மிஷன் குருக்கள் எழுதிய ஞானஸ்நானப் பதிவில் 'ஜார்ஜ்' என்று தேடினால் கிடைக்காது. 'ஜியோர்ஜியுஸ்' என்று தேடினாலும் பல சமயம் கிடைக்காது, ஏனென்றால் லத்தீனில் வாக்கியத்தில் வரும் இடத்தைப் பொறுத்து பெயரின் கடைசி மாறும். "நான் ஞானஸ்நானம் கொடுத்தேன்" என்ற வாக்கியத்தில் குழந்தையின் பெயர் 'ஜியோர்ஜியும்' என்று வரும். தகப்பன் பெயராக வரும்போது அதே பெயர் 'ஜியோர்ஜீ'. 'ஃபிலியும்' என்ற சொல்லுக்குப் பின் நிற்பது பெற்றோர் பெயர் என்று நினைவு வைத்துக்கொண்டால் போதும், மகனையும் தகப்பனையும் மாற்றிப் போட மாட்டீர்கள். பெண் குழந்தையாக இருந்தால் 'ஃபிலியம்'. மெத்தடிஸ்ட், ஆங்கிலிக்கன், லுத்தரன் சபைப் பதிவேடுகளில் இந்தத் தொல்லை இல்லை.

ஸ்டீபன், பீட்டர் போன்ற பெயர்களைத் தேடுகிறவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. தமிழ்க் கத்தோலிக்கர் இவற்றைத் தமிழிலேயே முடியப்பன், இராயப்பன் என்று வைத்துக்கொண்டார்கள். லத்தீன் பதிவில் ஸ்தேபானுஸ், செக்ரோலில் முடியப்பன், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் ஸ்டீபன் என்று ஒரே மனிதர் மூன்றாகப் பிரிந்து கிடப்பார்.

தாளுக்கு ஓர் அட்டை

இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு, ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுத் தாள்களை அதில் அடைப்பது. ஆள் யார் என்று தெரியாத நிலையில் ஆளுக்குப் பக்கம் எப்படி ஒதுக்க முடியும்? ஒவ்வொரு தாளுக்கும் ஓர் அட்டை போடுங்கள். கையளவு தடித்த அட்டை போதும், கணினியில் என்றால் ஒரு தாளுக்கு ஒரு வரி. அதில் இருக்க வேண்டியவை: தாளில் உள்ளபடியே பெயர் (திருத்தாமல்), தகப்பன் பெயர், தாய் பெயர், பிறந்த தேதி அல்லது வயது, தோட்டம், டிவிஷன் (தோட்டத்தின் உட்பிரிவு), வேலை, தாளின் தேதி, தாள் இப்போது யாரிடம் இருக்கிறது. மூலையில் ஓர் எண்: ஜா-1, ஜா-2 என்று. தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள். இன்னொரு தாளில் பார்த்ததை இதில் நிரப்பினால் பிறகு எது எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியாது.

தகப்பன் பெயர்க் கட்டத்தில் கவனம் வேண்டும். தமிழர் தாளில் முதலெழுத்து தகப்பனுடையது. மலையாளி தாளில் இரண்டு எழுத்து இருந்தால் ஒன்று வீட்டுப் பெயராக இருக்கக்கூடும். அடையாள அட்டையில் 'அ/லெ' (மகன்), 'அ/பெ' (மகள்) என்று மலாய்ச் சுருக்கத்துக்குப் பின் வருவது தகப்பன் பெயர். 'அ/லெ ஜார்ஜ்' என்று இருக்கும் அடையாள அட்டையை ஜார்ஜின் அட்டைகளோடு போட்டுவிடாதீர்கள், அது ஜார்ஜின் மகனுடையது. ஆனால் ஜார்ஜுக்கு ஒரு மகன் இருந்தார் என்பதற்கு அது சாட்சி, ஆகவே அதற்கும் தனி அட்டை உண்டு.

எந்தத் தாளை எவ்வளவு நம்பலாம்

ஞானஸ்நானப் பதிவேட்டுக்குத்தான் முதலிடம். பிறந்த தேதி, பெற்றோர், ஞானத்தகப்பன், ஞானத்தாய் எல்லாம் ஒரே பதிவில் இருக்கும். அதைவிட முக்கியம் ஓரக் குறிப்பு. உறுதிபூசுதலும் திருமணமும் பிறகு எங்கே நடந்தாலும் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தகவல் அனுப்பி அந்தப் பழைய பதிவின் ஓரத்தில் எழுத வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். குருக்கள் ஒழுங்காக எழுதியிருந்தால், 1929இல் ஞானஸ்நானம் பெற்ற குழந்தை 1954இல் எந்த ஊரில் யாரைக் கட்டியது என்பது அதே வரியின் ஓரத்தில் கிடைத்துவிடும். ஒரே பெயர்க்காரர் இருவரைப் பிரிக்க இதைவிட நல்ல கத்தி இல்லை. பங்கு அலுவலகத்தில் பதிவேட்டைக் கையில் கொடுத்துப் புரட்டச் சொல்ல மாட்டார்கள். உறவு என்ன, எதற்காக, எந்த வருடங்கள் என்று எழுதிக் கொடுத்துக் கேளுங்கள், "ஓரக் குறிப்பும் சேர்த்து வேண்டும்" என்று மறக்காமல் சொல்லுங்கள். கேட்காவிட்டால் சான்றிதழில் அது விட்டுப்போகலாம்.

ஒரு பொறி. புனித ஜார்ஜின் திருநாள் ஏப்ரல் 23. அதை ஒட்டிப் பிறந்த ஆண் குழந்தைக்கு அந்தப் பெயர் வைப்பது பழைய கத்தோலிக்கக் குடும்பங்களில் சாதாரணம். மற்ற பெயர்களில் பிறந்த நாளும் மாதமும் ஒத்துப்போனால் அது வலுவான சான்று. ஜார்ஜ்களுக்கிடையில் ஏப்ரல் கடைசி வாரம் ஒத்துப்போவது சான்றே ஆகாது.

அடையாள அட்டை எண் தானே பல விஷயம் சொல்லும். 12 இலக்க எண் 1990 முதல் வந்தது. முதல் ஆறு பிறந்த வருடம், மாதம், நாள். நடுவில் உள்ள இரண்டு பிறந்த இடம்: பேராக் 08, சிலாங்கூர் 10, பினாங்கு 07. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றை, பெண்ணுக்கு இரட்டை. பெர்னாம் ஆற்றுக்கு அக்கரை சபாக் பெர்னாம், சிலாங்கூர். அக்கரைத் தோட்டத்தில் குடியிருந்தவர் தெலுக் இந்தான் ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் எண்ணில் 08தான் இருக்கும். இந்த எண் பிறந்த இடத்தைச் சொல்லுமே தவிர வளர்ந்த தோட்டத்தைச் சொல்லாது. அடையாள அட்டை 1948இல் மலாயாவின் அவசரகாலத்தோடு வந்தது என்பதால் அதற்கு முன் இறந்தவருக்கு அட்டையைத் தேடிப் பயனில்லை.

ஊர்ப் பெயரும் தேதி சொல்லும். 1982 வரை தெலுக் இந்தானின் பெயர் தெலுக் ஆன்சன். 1950இல் பிறந்தவரின் சான்றிதழில் தெலுக் இந்தான் என்று இருந்தால் அது பிறகு எடுத்த நகல், அசல் அல்ல. பாகான் டத்தோ தனி மாவட்டமானது 2017இல்தான். அதற்கு முன் ஹிலிர் பேராக்.

பள்ளிப் பதிவேட்டில் தகப்பன் பெயரை நம்பலாம், பிறந்த தேதியை அவ்வளவாக நம்ப வேண்டாம். ஜனவரி 1 என்று கண்டால் சேர்க்க வந்தவர் வருடத்தை மட்டும் சொன்னார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். செக்ரோலில் வயதே இருக்காது. ஆனால் எந்த மாதம் எந்த டிவிஷனில் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) நின்றார் என்று தெரியும். ஒரே மாதத்தில் இரண்டு தோட்டத்தில் முழு நாளும் வேலை செய்த ஜார்ஜ் இருந்தால் அவர் இரண்டு பேர், அதில் வாதம் இல்லை. 1950களிலும் 60களிலும் பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது செக்ரோல்கள் பல இடங்களில் குப்பைக்குப் போயின. கையில் இருப்பது தொடர்ச்சியாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

1969, 1970 வாக்கில் ஒருவரின் பதிவு திடீரென்று நின்றுபோனால் இறந்துவிட்டார் என்று எழுதிவிடாதீர்கள். குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்களுக்கு (சிவப்பு ஐ.சி.) வேலை பெர்மிட் கட்டாயமான காலம் அது. ஏராளமானோர் தோட்டத்தை விட்டு இந்தியாவுக்குப் போனார்கள்.

கல்லறைக் கல்லில் இறந்த தேதி சரியாக இருக்கும், வயது தோராயம். ஐந்திலும் பூஜ்யத்திலும் முடியும் வயதுகளுக்கு முன்னும் பின்னும் ஐந்து வருடம் விட்டுக்கொள்ளுங்கள்.

பட்டப்பெயரைக் கடைசியில் வைக்கிறோம். டிரெஸ்ஸர் ஜார்ஜ், லோரி ஜார்ஜ், மண்டோர் ஜார்ஜ் என்று ஊர் பிரித்து வைத்திருப்பது உதவிதான். ஆனால் தகப்பன் லோரி ஓட்டியதால் மகனும் 'லோரி' ஆகிவிடுவான், அவன் வாத்தியார் வேலை பார்த்தாலும்.

எப்போது இரண்டு அட்டையை ஒன்று சேர்க்கலாம்

விதி இதுதான்: பெயர் தவிர வேறு இரண்டு விவரம் ஒத்துப்போக வேண்டும், ஒன்றுகூட முரண்படக்கூடாது. பெயரைக் கணக்கில் சேர்க்கக்கூடாது, ஏனென்றால் எல்லா அட்டையிலும் பெயர் ஒன்றுதானே. தோட்டத்தின் பெயரும் அரைச் சான்றுதான். டிவிஷன் வரை ஒத்துப்போனால் முழுச் சான்றாக எடுக்கலாம்.

செய்து பார்ப்போம். இந்த நான்கு அட்டைகளும் விளக்கத்துக்காக அமைத்தவை. ஜா-1, ஞானஸ்நானப் பதிவு: ஜியோர்ஜியும், பிறப்பு 23 ஏப்ரல் 1929, தகப்பன் தாவீது, தாய் மரியா. ஜா-2, தமிழ்ப்பள்ளிச் சேர்க்கை: ஜார்ஜ், தகப்பன் தாவீது, பிறப்பு 1 ஜனவரி 1930, தோட்டம் இரண்டாம் டிவிஷன். ஜா-3, கல்லறை: வி. ஜார்ஜ், இறப்பு 1978, வயது 50. ஜா-4, அடையாள அட்டை: எண் 290423-08 என்று தொடங்குகிறது, தகப்பன் பெயர் டேவிட், முகவரியில் இரண்டாம் டிவிஷன்.

அவசரக்காரர் நான்கையும் ஒன்றாக்கிவிடுவார். 1978இல் 50 வயது என்றால் பிறப்பு 1928 வாக்கில், அருகில்தானே இருக்கிறது! ஆனால் கல்லறையின் முதலெழுத்து 'வி'. தாவீதின் மகனுக்கு 'வி' எப்படி வரும்? அதைவிட உறுதியான முரண் இன்னொன்று: ஜா-4இல் இருப்பது 12 இலக்க எண். 1978இல் இறந்தவர் 1990க்குப் பிறகு போய் அட்டை எடுக்க முடியாது. ஆகவே ஜா-3 வேறு ஆள், அநேகமாக வர்கீஸின் மகன். சிரியன் சபைகளின் பதிவேட்டில் அவரைத் தனியாகத் தேட வேண்டும். ஜா-1உம் ஜா-4உம் தேதியில் ஒத்துப்போகின்றன, ஆனால் அது ஏப்ரல் 23, ஆகவே அந்த நாளை எண்ணாமல் 1929 என்ற வருடத்தையும் தகப்பன் பெயரையும் (தாவீதும் டேவிட்டும் ஒரே பெயர்தான்) எடுங்கள். இரண்டாயிற்று, முரணும் இல்லை: சேர்க்கலாம். ஜா-2 ஜா-4உடன் தகப்பன் பெயரிலும் டிவிஷனிலும் ஒத்துப்போகிறது. ஜனவரி 1 என்ற தேதி முரண் ஆகாது, காரணம் மேலே சொன்னதுதான். ஆக, இரண்டு ஜார்ஜ்.

சந்தேகம் இருந்தால் சேர்க்காமல் விடுங்கள். தனித்தனியாக வைத்த இருவரைப் பிறகு ஒன்றாக்குவது அஞ்சு நிமிட வேலை. ஒன்றாக்கி அச்சடித்துவிட்ட இருவரைப் பிரிப்பது, பேரப்பிள்ளைகள் பங்கு கேட்டு வந்த பிறகு, யாராலும் ஆகாது.

மனிதர் அல்லாத ஜார்ஜ்கள்

குடும்பக் காகிதங்களில் மிக அதிகமாகக் குழப்புவது ஜார்ஜ் டவுன். சென்னையில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவரின் காகிதத்தில் புறப்பட்ட இடமும் ஜார்ஜ் டவுன், இறங்கிய இடமும் ஜார்ஜ் டவுன் என்று இருக்கலாம்! பினாங்கு நகரத்துக்கு 1786இல் பிரான்சிஸ் லைட் வந்தபோது மூன்றாம் ஜார்ஜின் பெயர் சூட்டப்பட்டது. சென்னையில் துறைமுகத்தை ஒட்டிய பழைய 'கறுப்பர் நகரம்' ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டை ஒட்டி 1911இல்தான் ஜார்ஜ் டவுன் ஆனது. ஆகவே 1911க்கு முந்திய தாளில் அந்தப் பெயர் இருந்தால் சென்னையை விட்டுவிடுங்கள். உறவினர் ஒருவர் தென்னமெரிக்கக் கரும்புத் தோட்டத்துக்குப் போன குடும்பமாக இருந்தால் மூன்றாவது ஒன்றையும் பாருங்கள்: கயானாவின் தலைநகரமும் ஜார்ஜ் டவுன்தான், அதுவும் மூன்றாம் ஜார்ஜின் பெயரில்.

அடுத்த பொறி 'ஃபோர்ட் செயின்ட் ஜார்ஜ்'. அது மெட்ராஸ் கோட்டை. மாகாண அரசின் ஆணைகளும் அரசிதழும் அந்தத் தலைப்போடு வெளிவந்தன. தாளின் மேலே அந்த வரியைப் பார்த்துவிட்டு "தாத்தா செயின்ட் ஜார்ஜ் பங்கைச் சேர்ந்தவர்" என்று எழுதினால், இந்துவாகவே வாழ்ந்து மறைந்த மனிதரைக் கிறிஸ்தவராக்கிவிடுவீர்கள். 'செயின்ட் ஜார்ஜஸ்' என்று மட்டும் உள்ள பள்ளிச் சான்றிதழ் என்றால் தைப்பிங்கின் ஆண்கள் பள்ளியா, பினாங்கின் பெண்கள் பள்ளியா என்று பாருங்கள். சான்றிதழ் யாருடையது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

பெட்டியின் அடியில் கிடக்கும் சதுர ஒரு சென்ட் காசிலும் ஒரு ஜார்ஜ் இருப்பார். ஐந்தாம் ஜார்ஜின் ஆட்சி 1910 முதல் 1936 வரை, ஆறாம் ஜார்ஜ் 1936 முதல் 1952 வரை. தபால்தலை ஒட்டிய உறையில் தேதி முத்திரை அழிந்திருந்தால் தலையில் உள்ள அரசரை வைத்துக் காலத்தை ஓரளவு கட்டிவிடலாம். ஜார்ஜெட் சேலைக்கும் அரசருக்கும் சம்பந்தமில்லை, அது ஜார்ஜெட் என்ற பிரெஞ்சுத் தையற்காரப் பெண்மணியின் பெயர். ஜார்ஜியா இரண்டில் அமெரிக்க மாநிலம் இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் பெயரில் அமைந்தது. காக்கசஸ் மலைப் பக்கத்து ஜார்ஜியா நாட்டின் பெயர் பாரசீகர் அந்த மக்களை அழைத்த சொல்லிலிருந்து வந்தது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. ஒலி ஒன்றாக இருப்பதால் வேர் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

பெயரைப் பார்த்தும் ஜார்ஜ் என்று தெரியாத ஜார்ஜ்களும் உண்டு. ஜி.யு. போப் என்று திருக்குறளோடு சேர்த்து நாம் படித்தவரின் முதலெழுத்து ஜார்ஜ்தான். யூரி ககாரினின் யூரியும் இதே பெயரின் ரஷ்ய உருவம்.

மலரில் எழுதும்போது

பெயருக்குப் பக்கத்தில் 'மூத்தவர்', 'இளையவர்' என்று போடாதீர்கள். உறவே இல்லாத இருவரை அது தகப்பன் மகனாக்கிவிடும். தகப்பன் பெயர், பிறந்த வருடம், வேலை, டிவிஷன் நான்கும் ஒரே வரியில் வரட்டும்: "தா. ஜார்ஜ், பிறப்பு 1929, பால்மரத் தொழிலாளி, இரண்டாம் டிவிஷன்." முதல் தடவை இப்படி முழுதாக, அடுத்த தடவையிலிருந்து முதலெழுத்தோடு மட்டும். வருடம் உறுதியில்லை என்றால் 'சுமார்' சேர்க்கவும். படத்துக்கடியில் இன்னும் எச்சரிக்கை வேண்டும், ஏனென்றால் வாசகர் கட்டுரையைப் படிப்பதற்கு முன் படத்தைத்தான் பார்ப்பார். வரிசையில் இடமிருந்து எத்தனையாவது ஆள் என்று எழுதி, எந்த அட்டை எண் என்பதை உங்கள் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஆளோடும் சேராமல் நின்றுவிட்ட அட்டைகளைத் தூக்கிப் போடாதீர்கள். 'அடையாளம் தெரியாதவை' என்று மலரின் கடைசிப் பக்கத்தில் தாளின் தேதியோடும் தோட்டத்தின் பெயரோடும் அப்படியே அச்சிடுங்கள். உயிரோடு இருப்பவர்களின் ஐ.சி. எண்ணை எங்கும் அச்சிடக்கூடாது, முதல் ஆறு இலக்கத்தைக்கூட. அச்சுக்குப் போவதற்கு முன் ஒவ்வொரு ஜார்ஜின் வரியையும் அவரவர் வீட்டில் ஒருவரிடம் வாசித்துக் காட்டி, அட்டையின் பின்பக்கம் அவர் பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.